'ஓதுவித்தறிவான்' எப்படிப் 'படித்தவர்' ஆனார்?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிச் சுற்றுகிற குறிப்புகளில் நான்கு தகுதிகள் கட்டாயம் இருக்கும். வயது 35 முதல் 70 வரை. வரி கட்டுகிற சொந்த நிலம். சொந்த மனையில் வீடு. நான்காவது, 'கல்வித் தகுதி'. போட்டித் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகளின் நோட்டிலும் இதே வரிசை, வாட்ஸ்அப்பில் வருவதிலும் இதே வரிசை. முதல் மூன்றும் கல்லில் இருப்பதை ஏறக்குறைய அப்படியே சொல்கின்றன. நான்காவது மட்டும் வேறு. அது கல்லில் இருப்பதைச் சொல்லவில்லை, நம் காலத்துச் சொல் ஒன்றைக் கல்லின் மேல் ஒட்டுகிறது.

ஒட்டின சொல் அங்கேயே நிற்பதும் இல்லை. 'கல்வித் தகுதி' அடுத்த ஃபார்வர்டில் 'படித்தவர்கள் மட்டுமே' என்று ஆகிவிடுகிறது. 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் உட்பட ஒன்பது மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இது நன்றாகவே ஓடியது. "கைநாட்டுக்கெல்லாம் ஓட்டப் போட்டா ஊரு எப்பிடி உருப்படும்? ஆயிரம் வருஷம் முன்னாடியே படிச்சவன்தான் நிக்கணும்னு கல்லுல வெட்டி வெச்சிருக்கான் பாரு." சொன்னவர் யாரைக் கைநாட்டு என்றார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒதுக்கீட்டில் நின்ற ஒரு பெண்மணியை. ஒரு சொல்லின் பொருளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத எனக்கு இந்தக் காரணம் போதும்.

முதலில் கல்லைப் பார்க்கலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள புகழ்பெற்ற இரண்டு கல்வெட்டுகளும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டு (919), மற்றது 14ஆம் ஆட்சியாண்டு (921). முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டு வருஷத்தில் அதைத் திருத்தி 35 முதல் 70 என்று ஆக்கியிருக்கிறார்கள். நாம் எல்லோரும் சொல்வது திருத்தின விதியைத்தான். வெங்கய்யா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் இதை விரிவாக எழுதினார். பிறகு நீலகண்ட சாஸ்திரி எழுதினார். அவர்கள் இருவருமே வேதக் கல்வி என்று தெளிவாகத்தான் எழுதினார்கள். 'வேத' என்ற முன்னொட்டு பின்னால் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது.

கல்லில் உள்ள சொற்கள் இவை: 'மந்திர பிராமணம் வல்லான்', 'ஓதுவித்தறிவான்'. இதில் 'பிராமணம்' என்பது சாதி இல்லை. வேதத்தின் ஒரு பகுதிக்கு அந்தப் பெயர். மந்திரப் பகுதி, பிராமணப் பகுதி இரண்டிலும் வல்லவன் என்று பொருள். (இதைப் 'பிராமண மந்திரம் தெரிந்தவர்' என்று எழுதின குறிப்புகளும் உண்டு. அவசரத்தில் படித்தால் அப்படித்தான் வரும்.) அடுத்தது 'ஓதுவித்தறிவான்'. ஓது என்பது தன்வினை, ஓதுவி என்பது பிறவினை. செய், செய்வி மாதிரி. அப்படியானால் ஓதினவன் என்று கூட அங்கே இல்லை. அடுத்தவனை ஓதவைக்கத் தெரிந்தவன் என்று இருக்கிறது. மாணவனாக இருந்து முடித்தது தகுதி ஆகாது, ஆசிரியனாக இருக்க முடிவதுதான் தகுதி. இன்றைய 'படித்தவர்' என்ற சொல்லில் இது துளியும் இல்லை. படித்தவர் என்றால் என்றோ படித்து முடித்தவர், கையில் காகிதம் உள்ளவர். நான் 'பி.இ. படித்தவன்' என்று சொல்லிக்கொள்வது ஒரு இறந்தகால வாக்கியம். யாராவது இன்று பலகையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து வெப்ப இயக்கவியல் நடத்தச் சொன்னால் கதை தெரிந்துவிடும்.

சரி, ஓதுவது என்பது அந்தக் காலத்தில் பொதுவாகப் படிப்பதற்கே பெயராக இருந்திருக்கலாமே, எழுதப் படிக்கத் தெரிவதைத்தான் அப்படிச் சொன்னார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையும் அதே கல்லில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி.

குடவோலை நடத்தும் முறையைச் சொல்கிற பகுதி அது. பெயர் எழுதின ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலனை விட்டு ஒரு ஓலை எடுக்கச் சொல்ல வேண்டும். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். (ஓலையை மாற்றிவிடுவானோ என்ற பயம். இந்த ஐந்து விரல் விஷயத்துக்காகவே அந்தச் சபையாரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.) வாங்கின ஓலையை அவன் என்ன செய்ய வேண்டும்? 'வாசிக்க' வேண்டும். அவன் வாசித்ததும், மண்டபத்தில் இருக்கிற நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன்பிறகு அந்தப் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆக, எழுத்தைக் கண்ணால் பார்த்துப் படிப்பதற்குச் சபையாரிடம் ஒரு சொல் இருந்தது: வாசி. வேதத்துக்கு இன்னொரு சொல்: ஓது. இரண்டையும் ஒரே ஆவணத்தில், ஒன்றையொன்று தொடாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். உறுப்பினருக்கு எழுத்தறிவு வேண்டும் என்று சொல்ல நினைத்திருந்தால் 'வாசிக்க வல்லான்' என்று வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டவில்லை. 'படி' என்ற சொல் இந்த இரண்டு இடத்திலும் இல்லவே இல்லை.

அந்த மத்தியஸ்தன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஊரின் கணக்கையும் எழுத்தையும் பார்த்தவன். கூட்டத்தில் உட்காருவான், எழுதுவான், வாசிப்பான். ஆனால் விவாதத்தில் கலந்துகொள்ளும் சபை உறுப்பினன் அல்ல, ஊர் கூலி கொடுத்து வைத்திருந்த பணியாள். 921ஆம் ஆண்டு முடிவைச் சபையாரின் பணிப்பின்படி எழுதினவன் பெயர் கல்வெட்டின் கடைசியில் இருக்கிறது: காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன். அந்தக் கூட்டத்தில் தினமும் எழுதிப் படித்துப் பிழைத்தவன் என்று நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவன் சபையில் பேச முடியாது. எழுத்தறிவு அங்கே அதிகாரத்துக்கான தகுதியாக இல்லை, சேவகம் செய்வதற்கான தகுதியாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு 'கல்வித் தகுதி' என்ற வரியை மறுபடி படித்தால் அது எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று புரியும்.

யாருக்கு ஓதும் வாய்ப்பு இருந்தது என்பதையும் ஊரின் பெயரே சொல்கிறது. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேயம். ஊரில் உழுதவர்கள், ஏரி வெட்டினவர்கள், எண்ணெய் ஆட்டினவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் மந்திர பிராமணம் ஓதியிருக்க முடியாது, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் ஓதியிருக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்டதால் வந்த தகுதிக் குறைவு இல்லை இது. பிறந்தபோதே முடிவானது. இது உத்திரமேரூரின் தனிக் கண்டுபிடிப்பும் அல்ல. அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முந்தைய, திருநெல்வேலிச் சீமையின் மானூர்க் கல்வெட்டிலும் சபையில் இருப்பவருக்கு மந்திர பிராமணம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அதுவும் பிரமதேயம்தான். மற்ற வேளாண் ஊர்களுக்கு 'ஊர்' என்ற பெயரிலேயே வேறு சபை இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும், எதிர்பார்க்கிறேன். கல்வெட்டில் 'வித்யா விருத்தர்' என்றும் வருகிறதே, வித்யா என்றால் கல்விதானே? வருகிறது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேரை எடுக்கும்போது, ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், வித்தையில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள் என்று பார்த்து எடுக்கச் சொல்கிறது. ஆனால் எந்த வித்தை என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்: வேதம், பாஷ்யம். அந்தக் காலத்துக் கல்விச்சாலைகளின் பாடத்திட்டமும் இதையே காட்டுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதங்கள், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். நமக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கிற திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு. 15 படுக்கையுடன் ஒரு ஆதுலர் சாலை, கூடவே வேதமும் வியாகரணமும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள், மாணவர்களுக்குச் சாப்பாடு, எண்ணெய். நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் ஏரிக்கு மதகு வைக்கவோ நிலம் அளக்கவோ அந்தச் சாலைகளில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அப்பனிடம் மகன் கற்றது, ஆசாரியிடம் எடுபிடி கற்றது. அதற்கு 'வித்யா' என்று பெயரும் இல்லை. (வித்தை என்ற சொல்லை நாம் இப்போது எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறோம் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் பாம்பாட்டி காட்டுவதும் வித்தை, ஆபீசில் ஒருவன் மேலதிகாரியிடம் காட்டுவதும் வித்தை.)

உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர், பல்லவர் காலத்தது. அதைப் பார்த்துக்கொண்ட ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். இவர்களும் ஓதுவிக்கத் தெரிந்தவர்கள்தான். வேதம் தெரிந்தவருக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? சபையாருக்கும் தோன்றியிருக்கிறது. அதனால்தான் ஓதுவித்தறிவான் என்று சொன்ன பிறகு, அவர்களிலும் 'காரியத்தில் நிபுணர்' ஆனவரைக் கொள்ளச் சொல்லித் தனியாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள். ஓதுவது வேறு, காரியம் தெரிவது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் இரண்டையும் 'படித்தவர்' என்ற ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, படித்திருந்தால் காரியமும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். கல்வெட்டின் மிக முக்கியமான பாகுபாடு நம் மொழிபெயர்ப்பில் காணாமல் போகிறது. குறிப்புகளில் 'காரியத்தில் நிபுணர்' என்பதைப் பெரும்பாலும் விட்டே விடுகிறார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது என்ற விதியை மட்டும் மறக்காமல் போடுவார்கள், அதில் இன்றைய ஆட்களைக் குத்திக்காட்ட வசதி இருக்கிறது.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்குத் தகவலை மாற்றும்போது, பழைய காலத்தின் பெயர் புரியவில்லை என்று கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு புதிய காலத்தில் கொட்டிவிடுவது. எர்ரர் எதுவும் வராது. ரிப்போர்ட் அழகாக வரும். ரிப்போர்ட்டை நம்பி யாராவது முடிவு எடுக்கும்போதுதான் வினை.

இனி அந்த இரண்டு சொற்களும் பின்னால் என்ன ஆயின என்று பார்ப்போம். ஓது இன்னும் சாகவில்லை. சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். முஸ்லிம் வீடுகளில் பிள்ளை 'ஓதப் போயிருக்கான்' என்றால் குர்ஆன் கற்கப் போயிருக்கிறான். பயந்த குழந்தைக்குப் பள்ளிவாசலில் 'ஓதிப் பாக்குறது' எங்கள் பக்கம் எல்லா மதத்தாரும் செய்வது. மாமியார் வீட்டில் சண்டை வந்தால், "யாரோ காதுல ஓதிட்டாங்க". இத்தனை இடத்திலும் மாறாத ஒன்று குரல். வாயிலிருந்து காதுக்குப் போவது ஓதல். எழுத்து அதற்குத் தேவை இல்லை. சொல் அப்படியே இருக்க, யார் ஓதலாம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. 2021இல் தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண்ணை ஓதுவாராக நியமித்தார்கள். சதுர்வேதிமங்கலத்துச் சபையார் கேட்டால் ஐந்து விரலையும் விரித்து வாயில் வைத்திருப்பார்கள்.

படி என்ற சொல்லின் கதை இன்னும் சுவாரசியம். இதுவும் ஆதியில் குரலின் பக்கம் நின்ற சொல்தான் என்பதற்கு ஒரு பழமொழியே சாட்சி: எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான். இங்கே படித்தவன் பட்டதாரி இல்லை. பாட்டை எடுத்துப் பாடினவன். தெற்கே இன்னும் 'பாட்டுப் படிக்கிறான்' என்றால் பாடுகிறான் என்று அர்த்தம். நம் தொண்டை நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் 'பாரதம் படிக்கிறது' என்போம். மத்தியானம் பாரதம், ராத்திரி கூத்து. ஒருவர் படிப்பார், விளக்கம் சொல்வார், ஊரே உட்கார்ந்து கேட்கும். படிப்பு ஒருவருடையது, பலன் ஊருடையது. காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டிலேயே, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு பழைய வழக்கம் இது. திரௌபதி அம்மன் கோயில் திண்ணையில் பத்து நாள் உட்கார்ந்து கேட்ட கிழவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சூதாட்டத்தில் தர்மன் செய்தது சரியா என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் போகும். அவள் படிக்காதவளா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட, உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டேன்' என்றுதான் எழுதுகிறார். கல்வி காது வழியாக நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்தது. பரீட்சை வந்தது, பாஸ் வந்தது, பாஸானால் சர்க்கார் உத்தியோகம் என்று வந்தது. படி என்ற வினைச்சொல் மெல்ல ஒரு சாதிப் பெயர் மாதிரி ஆனது: படித்தவர், படிக்காதவர். "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்ற கேள்விக்கு, போன வாரம் ஒரு நல்ல நாவல் படித்தான் என்று யாரும் பதில் சொல்வதில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, தினம் மூன்று பத்திரிகை படிக்கிற பெட்டிக்கடைக்காரர் நம் கணக்கில் படிக்காதவர். கல்லூரியை விட்டபிறகு ஒரு புத்தகமும் தொடாத நாம் படித்தவர்கள்.

(இடையில் ஒன்று. பட்டவிருத்தி என்று சோழர் கல்வெட்டுகளில் வருவதைப் பார்த்துவிட்டு, பட்டம் பெற்றவர்களுக்கு அன்றே மானியம் இருந்தது என்று எழுதுகிறார்கள். அந்தப் பட்டர் வடமொழி பட்ட என்ற பண்டிதர். நம் பட்டம், நெற்றியில் கட்டுகிற பட்டையிலிருந்து வந்தது. உறவே இல்லை.)

இப்படி அர்த்தம் மாறிப்போன 'படித்தவர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு போய் 921ஆம் ஆண்டில் வைக்கிறோம். வைத்துவிட்டு அங்கிருந்து அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். ஆதாரம் எதற்கு வேண்டியிருக்கிறது? இதற்கு நிஜமான உதாரணம் உண்டு. ஹரியானா 2015இல் பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தி, போட்டியிட ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, வார்டுக்கு நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு என்று நிபந்தனை போட்டது. உச்ச நீதிமன்றம் ராஜ்பாலா வழக்கில் 2015 டிசம்பர் 10 அன்று அது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. கல்விதான் நல்லது கெட்டதைப் பகுத்தறியும் ஆற்றலைத் தருகிறது என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. ராஜஸ்தான் அதற்கு முந்தைய வருஷமே இப்படி ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்து, 2019இல் விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி நிபந்தனை இல்லை. வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் உத்திரமேரூர் இருக்கிறது.

தற்செயலாக, அந்தத் தீர்ப்பு வந்து சரியாக ஐந்து வருஷம் கழித்து, 2020 டிசம்பர் 10 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். ஊர்ப் பெயர் டெல்லியில் ஒலித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெருமை பேசும்போது எதைப் பெருமைப்படுகிறோம் என்று தெரிய வேண்டும். இந்தியாவில் 1951இல் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். அந்த நிலையில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, நிற்கவும் உரிமை என்று முடிவு எடுத்தவர்கள் உத்திரமேரூரைத் தாண்டி வந்தவர்கள், அதைப் பின்பற்றினவர்கள் அல்ல. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த முடிவால்தான். ஹரியானாக் கணக்குப்படி அவர் வார்டு மெம்பருக்குக் கூட நின்றிருக்க முடியாது.

இதை எழுதினால், "அப்ப குடவோலை வெறும் பாப்பார சமாச்சாரம், தூக்கிப் போடுங்கறியா?" என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு கேள்வி வரும். அதுவும் சோம்பேறித்தனமான வாசிப்பு. பதவியில் ஒருமுறை இருந்தவன் மூன்று வருஷம் கழித்துத்தான் வரலாம், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவு முழுக்கவும் வெளியே, கையில் ஓலையை ஒளிக்க வழியில்லை. அதிகாரத்தில் இருப்பவனை இவ்வளவு நம்பாமல் விதி எழுதியது பெரிய விஷயம். ஓட்டும் இல்லை, போட்டியும் இல்லை, சீட்டுக் குலுக்கல்தான் என்றாலும்.

கல்வி பற்றிய பகுதியிலேயே எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. அதையும் குறிப்புகள் சொல்வதில்லை. பொதுவாகக் கால் நிலத்துக்கு மேல், அதாவது கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கர் சொச்சம். ஆனால் ஒரு வேதத்தில் வல்லவனாய், நான்கு பாஷ்யங்களில் ஒன்றை 'வக்காணித்தறிவான்' என்றால், எடுத்து விளக்கிச் சொல்லத் தெரிந்தவன் என்றால், அரைக்கால் நிலம் போதும். சரிபாதித் தள்ளுபடி. இங்கேயும் வினையைக் கவனியுங்கள். பாஷ்யம் படித்தவன் இல்லை, விளக்கத் தெரிந்தவன். இந்த விதியில் கல்வி ஒருவனை வெளியே தள்ளவில்லை. நிலம் குறைவானவனை, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயேதான் என்றாலும், உள்ளே கொண்டுவருகிறது. ஹரியானாச் சட்டத்தில் கல்வி செய்கிற வேலைக்கு நேர் எதிர்.

ஆகவே போட்டித் தேர்வுக் குறிப்பு எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை சின்னதுதான். 'கல்வித் தகுதி' என்ற இடத்தில் 'வேதம் ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்று போடுங்கள். அதன் கீழே 'காரியத்தில் நிபுணராக இருக்க வேண்டும்' என்று தனி வரி. அரைக்கால் நிலச் சலுகைக்கு இன்னொரு வரி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வரி கூடுதல் பாரம், அவ்வளவுதான்.